கோட்டும் தவறணையும்

பிரித்தானியாவின் பிரதமர்களாக இருந்த டேவிட் கேமரனும் பொரிஸ் ஜோன்சனும் ஒக்ஸ்ஃபர்டில் படித்த காலத்தில் புல்லிங்டன் கிளப் உறுப்பினர்கள். வால் வைத்த கோட்டுப் போட்டுக் குடித்து, உணவகத்தை அடித்து நொறுக்கி, நட்டத்துக்குக் காசை வீசிவிட்டுப் போவதில் பேர்போன கூட்டம் அது. 1987இல் இருவரும் அந்தக் கோட்டோடு நின்ற குழுப்படம் பிறகு வெளிவந்து சந்தி சிரித்தது. பதவிக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

மலையகத்துக்கு இந்தக் கூத்து புதிதா என்ன? நுவரெலியா ஹில் கிளப்பை 1876இல் தொடங்கியவர்கள் கோப்பித் துரைமார். நோய் விழுந்து கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது, கிளப் அசையவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குக் கோட்டும் டையும் கட்டாயம். சுதந்திரம் கிடைத்து இருபது வருஷம் ஆகும்வரை உள்ளூர்க்காரருக்கு அங்கே உறுப்புரிமை இல்லை. டிக்கோயாப் பக்கம் தரவளை, நானுஓயாப் பக்கம் ரதல்ல என்று பகுதிக்கொரு கிளப் வேறு. இந்தத் துரைமாருக்குச் சட்டசபையில் தனி ஆசனமும் இருந்தது. கிளப்பில் பேசியது கவர்னர் காதுக்குப் போக நெடுநேரம் எடுத்திருக்காது.

அந்த வட்டத்தை விட்டு வெளியே வந்தவன் கதி என்ன? மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத்துரை வேலை பழகிய அவுஸ்திரேலிய இளைஞன் பிரேஸ்கேர்டில். தொழிலாளரோடு ஒட்டினான், வேலை போயிற்று. 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் சமசமாஜக் கட்சி மேடையேறித் துரைமாரைச் சாடினான். 22ஆம் திகதி கவர்னர் ஸ்டப்ஸின் நாடுகடத்தல் உத்தரவு அவன் கைக்கு வந்தது. மூன்றே வாரம்! உயர் நீதிமன்றம் மே மாதம் அந்த உத்தரவைத் தள்ளுபடி செய்தது. வெள்ளைக்காரன் என்பதால் வழக்காவது பேசப்பட்டது. 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கொன்ற தொழிலாளி கோவிந்தனுக்கு நாடுகடத்தல் உத்தரவு தேவைப்படவில்லை.

1948இல் மலையகத் தமிழரான நம் குடியுரிமையைப் பறித்தபோது கோட்டு கைமாறியிருந்தது. கோட்டுக்குள் இருந்தவர்கள் கொழும்புக் கனவான்கள்.

கோட்டுப் போட்டவன் குடித்தால் அது கிளப். தோட்டத்து ஆள் குடித்தால் அதற்குச் சீரழிவு என்று பெயர். மே தின மேடையில் தலைவர்மார் நமக்கு உபதேசம் செய்வார்கள். குடி லயங்களைத் தின்கிறது, மறுக்கவில்லை. சம்பளத்தன்று தவறணை வாசலில் காத்து நிற்கும் பெண்களைக் கேட்டால் தெரியும். ஆனால் தேர்தல் நெருங்கினால் லயத்துக்குப் போத்தல் இறக்குவது யார்? தவறணைக்கும் பாருக்கும் அனுமதி வாங்கிக் கொடுப்பது யார்? ஜனாதிபதித் தேர்தலும் பொதுத்தேர்தலும் நடந்த 2024இல் 300க்கு மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்கள் கொடுக்கப்பட்டதாக அரசாங்கம் டிசம்பரில் பாராளுமன்றத்தில் பட்டியல் வைத்தது. அரசியல் சலுகையாக அவை போயின என்பதே குற்றச்சாட்டு.

நுவரெலியா மாவட்டத்தில் கொடுத்த ஒவ்வொரு பத்திரத்துக்கும் சிபாரிசுக் கடிதம் எழுதியவர் பெயரை மூன்று மொழிகளிலும் அச்சிட்டு, பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும். உபதேசம் செய்ய வரும் தலைவர்மார் அதை வாசித்துவிட்டு மேடையேறட்டும்.