யப்பான் வண்டி என்ற நற்சான்றிதழ்

அந்நியச் செலாவணியைக் காப்பாற்றுவதற்காக 2020 மார்ச்சில் இழுத்து மூடிய வாகன இறக்குமதிக் கதவை இலங்கை 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. அம்பாந்தோட்டையில் வண்டிகள் இறங்கத் தொடங்கின. கார் சேல்களின் முற்றங்கள் நிரம்பின. கூடவே ஒரு பழைய நம்பிக்கையும் வந்து இறங்கிவிட்டது: யப்பானில் ஓடின வண்டியென்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். இதற்கு எல்லோர் வாயிலும் தயாராக மூன்று காரணங்கள் இருக்கும். யப்பான்காரன் மூன்று வருடத்துக்கு மேல் ஒரு வண்டியை வைத்திருக்க மாட்டான். அங்கே பரிசோதனைச் சட்டம் இறுக்கம். வீதிகள் நல்லவை, ஓடிய தூரம் குறைவு. ஆகவே இருபதாயிரம் கிலோமீற்றர் ஓடிய ரீகண்டிஷன் கார் புதுக் காருக்குச் சமம் என்று கணக்கு முடிகிறது. வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பம் வாழ்நாளில் செலவழிக்கும் மிகப் பெரிய தொகை இந்தக் கணக்கை நம்பித்தான் கைமாறுகிறது. கணக்கோ முதல் வரியிலேயே பிழை.

யப்பானில் புதுக் கார் வாங்குபவர் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ‘ஷாக்கென்’ என்ற கட்டாயப் பரிசோதனைக்குப் போக வேண்டியதில்லை. அதற்குப் பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை போக வேண்டும். வரி, காப்புறுதி, பரிசோதனைக் கட்டணம், திருத்த வேலை எல்லாம் சேர்ந்து கணிசமான தொகை ஆகும். இந்தச் செலவுக்குப் பயந்து அவர்கள் மூன்றாம் வருடமே வண்டியைத் தள்ளிவிடுகிறார்கள் என்பதுதான் நமது கார் சேல்களில் ஓதப்படும் கதை. உண்மையில் யப்பானில் ஒரு பயணிகள் கார் கழிக்கப்படும்போது அதற்குச் சராசரியாக 13 வயது ஆகியிருக்கும். பெற்றோல் கார்களுக்கு 13 ஆண்டு தாண்டியதும் வரியைக் கூட்டும் ஏற்பாடு கூட அங்கே உண்டு. எல்லோரும் மூன்றாம் வருடத்தில் கைவிடுகிறார்களென்றால் அப்படியொரு வரிக்கு என்ன தேவை? சாதாரண யப்பானியக் குடும்பம் நம்மைப் போலவே காரைப் பல வருடம் வைத்து ஓட்டுகிறது. அப்படியானால் இரண்டு, இரண்டரை வருடத்தில் ஏலத்துக்கு வரும் வண்டிகளை விற்பது யார் என்ற கேள்வியைக் கேட்டாக வேண்டும். வாடகைக் கார் நிறுவனங்கள் விற்கின்றன. குத்தகைக் காலம் முடிந்த அலுவலக வண்டிகள் வருகின்றன. விற்பனையாளர்கள் காட்சிக்கு வைத்திருந்தவை வருகின்றன. தவணை கட்டாமல் பறிக்கப்பட்டவையும், மோதித் திருத்தப்பட்டவையும் வருகின்றன. அடிக்கடி மாடல் மாற்றும் கவனமான உரிமையாளரின் வண்டியும் அவற்றோடு வரும். ஆனால் கதையில் வருபவர் அவர் ஒருவர்தான். வாடகைக்கு ஓடிய கார் கல்யாண வீட்டு வாடகைப் பாத்திரம் மாதிரி. பளபளப்பாகத்தான் திரும்பி வரும், எத்தனை கை பட்டதென்று அதன் முகத்தில் எழுதியிருக்காது.

இரண்டாவது காரணமான பரிசோதனைச் சட்டத்துக்கு வருவோம். ஷாக்கென் இறுக்கமான பரிசோதனைதான். பிரேக், ஒளி, புகை, சக்கரச் சீரமைப்பு, அடிப்பாகம் எல்லாம் பார்ப்பார்கள். ஆனால் நமது இறக்குமதி விதி, உற்பத்தித் திகதியிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட காரை உள்ளே விடுவதில்லை. இரண்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புதுக் காருக்கு முதல் ஷாக்கென் மூன்றாம் வருட முடிவில். நமக்கு அனுப்பப்படும் காரோ அதற்கு முன்பே கப்பலேறிவிடுகிறது. அதாவது, எந்தப் பரிசோதனையின் பெயரால் நாம் அந்த வண்டியை நம்புகிறோமோ, அந்தப் பரிசோதனையை அது ஒருமுறை கூடச் சந்தித்திருக்கத் தேவையில்லை. ஏற்றுமதிக்கு முன் ஒரு சோதனைச் சான்றிதழ் எடுக்கிறார்கள், சரி. அது வண்டி விதிமுறைக்குள் இருக்கிறதா என்று அன்றைய நாளில் பார்ப்பது. வண்டியின் வாழ்க்கை வரலாறு அதில் இல்லை. இங்கே வந்து பதிவான பிறகு தனியார் காருக்கு வருடாந்தம் நடப்பது புகைப் பரிசோதனை. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைச் சான்றிதழும் காப்புறுதியும் கேட்பார்கள். பிரேக்கைப் பற்றிக் கேட்பவர் இல்லை.

வண்டியின் உண்மைக்கு மிக நெருக்கமாக நம்மிடம் இருக்கும் ஒரே ஆவணம் ஏலத்தாள். யப்பானின் ஏலக்கூடங்களில் ஒவ்வொரு வண்டியையும் கூடத்தின் பரிசோதகர் பார்த்து, ஒரே பக்கத்தில் விபரம் எழுதுகிறார். மேலே தரப் புள்ளி: புதியதற்கு எஸ், பிறகு 5, 4.5, 4, 3.5 என்று இறங்கும். உடற்சட்டத்தில் திருத்தம் செய்த வண்டிக்கு ஆர். உள்ளகத்துக்குத் தனியாக ஏ, பி, சி. கீழ் மூலையில் வண்டியை விரித்து வைத்தது போல ஒரு படம். அதில் கீறலுக்கு ஏ, நெளிவுக்கு யூ, டிங்கர் வேலை பார்த்து மேடுபள்ளம் தெரியும் இடத்துக்கு டபிள்யூ, மாற்றிய பாகத்துக்கு இரட்டை எக்ஸ். ஓடிய தூரமும் அதில் இருக்கும். பரிசோதகரின் கையெழுத்துக் குறிப்பு யப்பானிய மொழியில். வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் அந்தக் குறிப்பில்தான் தெரியும். இவ்வளவு நல்ல ஆவணத்தை நாம் என்ன செய்கிறோம்? விற்பவர் காட்டும் நகலில் ‘4.5’ என்ற எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுகிறோம். நகலில் எண்ணை மாற்றுவது பெரிய வித்தையல்ல. போலி ஏலத்தாள் என்பது யப்பான் வண்டி போகும் நாடுகளிலெல்லாம் தெரிந்த தொழில். செசி இலக்கத்தைக் கொடுத்தால் அசல் பதிவைத் தேடித்தரும் சேவைகள் உண்டு. வண்டியின் விலையோடு பார்த்தால் அவர்களுடைய கட்டணம் தூசு. அந்தத் தூசைச் செலவழிக்கத் தயங்குபவர்கள், யப்பானிய வானொலி நமது பண்பலை அலைவரிசைகளை முழுமையாகப் பிடிக்காது என்பதால் அதற்கு மாற்றி பூட்டவும், பெரிய திரை போடவும் யோசிப்பதேயில்லை.

ஓடிய தூரம் குறைவு என்பது மூன்றாவது காரணம். மீற்றரைப் பின்னுக்குத் திருப்பும் மோசடி இருக்கட்டும்; அதை எல்லோரும் அறிவார்கள். மீற்றர் உண்மையே பேசினாலும் எவ்வளவு பேசுகிறது? சுசுகி வேகன் ஆர் போன்ற 660 சிசி வண்டிகள் யப்பானில் பெரும்பாலும் ஊருக்குள் ஓடுபவை: கடைக்கு, பள்ளிக்கு, ரயில் நிலையத்துக்கு. இப்படிக் குறுந்தூரம் ஓடுவதை யப்பானிய உற்பத்தியாளர்களே ‘கடும் பாவனை’ என்ற வகையில் சேர்த்து, எஞ்சின் ஒயிலை வழக்கத்தைவிட முன்னதாக மாற்றச் சொல்கிறார்கள். எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் நிறுத்திவிட்டால் உள்ளே ஈரமும் எரியாத பெற்றோலும் ஒயிலில் கலந்து தங்கும் என்பதே காரணம். ஆகவே பதினையாயிரம் கிலோமீற்றரை ஐந்தைந்து கிலோமீற்றராக ஓடிய வண்டியைவிட, நெடுஞ்சாலையில் நாற்பதாயிரம் ஓடி நேரத்துக்கு ஒயில் மாற்றிய வண்டி மேலானதாக இருக்கலாம். எது எதுவென்று சேவைப் புத்தகம் சொல்லும். அந்தப் புத்தகம் பலவேளை வண்டியோடு வருவதில்லை. நல்ல வீதி என்பதிலும் ஒரு சிறு குறை உண்டு. ஹொக்கைடோ, நீகத்தா போன்ற பனிப் பிரதேசங்களில் குளிர்காலத்தில் வீதிக்கு உப்புத் தூவுவார்கள். அங்கே வாழ்ந்த வண்டியின் துருவைக் காண மேலே மினுக்கிய பெயின்ற்றைப் பார்த்துப் பயனில்லை. கராஜில் தூக்கி அடியைப் பார்க்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பாரதூரமாகப் படுவது, உற்பத்தியாளர் குறை கண்டு வண்டிகளைத் திருப்பி அழைக்கும் விடயம். டக்காட்டா நிறுவனத்தின் எயார்பேக் விவகாரத்தில் உலகெங்கும் சுமார் 10 கோடி எயார்பேக் ஊதிகள் திருப்பி அழைக்கப்பட்டன. அந்த நிறுவனம் 2017இல் திவாலானது. ஊதிக்குள் இருந்த அமோனியம் நைத்திரேற்று நீண்ட காலம் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கிடந்தால் சிதைந்து, மோதலின்போது அளவுக்கு மீறி வெடித்து, உலோகத் துண்டுகளைப் பயணியின் மீது வீசும் என்பதே குறை. 2014இல் மலேசியாவில் ஒரு கர்ப்பிணிப் பெண் அப்படித்தான் இறந்தார். அமெரிக்காவில் புளோரிடா போன்ற சூடும் ஈரமும் மிகுந்த இடங்களுக்கு முன்னுரிமை கொடுத்து மாற்றினார்கள். நமது காலநிலையும் அதே வகைதான். யப்பானில் உள்ள உரிமையாளருக்குத் திருப்பி அழைக்கும் கடிதம் வீடு தேடிப் போகும். பதிவு நீக்கப்பட்டுக் கப்பலேறிய வண்டியின் புதிய உரிமையாளர் சுன்னாகத்தில் இருக்கிறாரா கண்டியில் இருக்கிறாரா என்று உற்பத்தியாளரின் பட்டியலுக்கு எப்படித் தெரியும்? அவர்தான் தேடிப் போக வேண்டும். இன்னொன்று: 2013இல் வெளிவந்த ஹொண்டா பிட் ஹைபிரிட் ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் ஐந்து முறை திருப்பி அழைக்கப்பட்டது, அதன் இரட்டைக் கிளச் கியர்ப்பெட்டி முக்கிய தொல்லை. நமது வீதிகளில் செல்வாக்குப் பெற்ற, அதே நிறுவனத்தின் வெசலும் அந்தத் தொல்லையில் பங்காளி. நிறுவனத்தின் தலைவரே தன் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளும் அளவுக்கு அது அங்கே பெரிய விடயமானது. உங்கள் வண்டி அந்தத் திருத்தங்களைப் பெற்ற பின் வந்ததா, முன் வந்ததா? யப்பானிய உற்பத்தியாளர்களின் இணையத்தளங்களில் செசி இலக்கத்தைப் போட்டால் விடை கிடைக்கும். போட்டுப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இவ்வளவு குறை சொன்னாலும், அதே காசுக்குக் கிடைக்கும் புது இந்திய வண்டியைவிட யப்பான் வண்டி மேல்தானே? பல இடங்களில் ஆம். இந்தியாவில் தயாராகும் வேகன் ஆர் 2023இன் குளோபல் என்கெப் மோதல் சோதனையில் ஒரே ஒரு நட்சத்திரம் பெற்றது. யப்பானிய வேகன் ஆரோடு அதற்குப் பெயரால் மட்டுமே உறவு. யப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கான கார்களில் பாதுகாப்பு வசதிகள் அதிகம் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அது வடிவமைப்பின் மேன்மை. ஒரு மாடல் நல்லது என்பதிலிருந்து இந்த ஒரு வண்டி நல்லது என்று முடிவுகட்ட முடியாது. மாடலின் மேன்மையையும் முழுதாக நம்பத் தேவையில்லை. 2023 டிசம்பரில் டைகட்சு 64 மாடல்களில் பாதுகாப்புச் சோதனை முறைகேடுகளை ஒப்புக்கொண்டு ஏற்றுமதி, விநியோகம் இரண்டையும் நிறுத்தியது, அவற்றுள் டொயோட்டாவின் பெயரில் விற்றவையும் அடக்கம்.

“இத்தனை வருடமாக நாடு முழுக்க இந்த வண்டிகள்தானே ஓடுகின்றன, என்ன நடந்துவிட்டது?” என்பது அடுத்த மறுப்பு. ஓடுகின்றன. ஓடுவதற்குப் பாதிக் காரணம் நமது மெக்கானிக்குகள். முதல் தலைமுறை டொயோட்டா அக்வாவை எடுங்கள். பின்னிருக்கைக்குக் கீழே இருக்கும் ஹைபிரிட் பற்றரியில் 20 தொகுதிகள். அதைக் குளிர்விக்கும் காற்று இருக்கையின் பக்கத்தில் உள்ள சிறு துவாரத்தால் போகிறது. அங்கே தூசியும் முடியும் அடைத்தால் பற்றரி சூடேறும், நமது வெயிலில் இன்னும் வேகமாக. ஒரு தொகுதி செத்ததும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழையதொன்றை வாங்கிப் போட்டு வண்டியை எழுப்பிவிடுவார்கள். வயது வேறான தொகுதிகள் ஒன்றாக ஓடும்போது அடுத்த பலவீனமானது விழும், மறுபடி கராஜ். இந்தச் செலவுகளை யாரும் வண்டியின் கணக்கில் எழுதுவதில்லை. வாங்கிய விலையையும் விற்ற விலையையும் மட்டும் சொல்லி இலாபம் என்கிறார்கள். தடைக்காலத்தில் பழைய வண்டியின் விலை ஏறியது ரூபா விழுந்ததாலும் புது வண்டி வராததாலும். 2022இன் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது. அந்த விலையேற்றத்தை வண்டியின் தரத்துக்குச் சான்றாகக் காட்டுவது சரியான வாதமல்ல.

வாங்குபவர் எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று பொறுப்பை முழுக்க அவர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. இறக்குமதி வரி பலவேளை அந்த வண்டி யப்பானில் விற்ற விலையையே மிஞ்சுகிறது. அவ்வளவு வசூலிக்கும் அரசு, பதிலுக்கு வாங்குபவருக்கு ஒரு துண்டுத் தகவலாவது தரலாம். அசல் ஏலத்தாளின் இலக்கம், ஏல நாளில் ஓடியிருந்த தூரம், தரப் புள்ளி, திருப்பி அழைத்த திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்ற விபரம் ஆகிய நான்கையும் இறக்குமதியாளர் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கொடுத்தால்தான் முதற்பதிவு என்று ஒரு வர்த்தமானி போதும். நேர்மையாகத் தொழில் செய்யும் இறக்குமதியாளரிடம் இந்த நான்கும் இப்போதே கோப்பில் இருக்கும் அல்லது ஒரு மின்னஞ்சலில் கிடைக்கும். கொடுக்கச் சிரமப்படுபவரிடம் வண்டி எடுக்காமல் இருப்பதற்கு வர்த்தமானி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.