அடுத்த வீட்டுச் சாவி

"எத்தனை வோல்ட் வரைக்கும் ஏத்தலாம் மச்சி?"

ஓவர்கிளாக்கிங் என்று பேச்செடுத்தாலே முதல் கேள்வி இதுதான். பதிலும் ரெடியாக இருக்கும். "1.4 வரைக்கும் சேஃப். 90 டிகிரி தாண்டாம பாத்துக்கோ." அவ்வளவுதான். கேட்டவன் பயாஸைத் திறந்து 1.4 என்று அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போய்விடுகிறான். அந்த எண்ணை யார் அளந்தார்கள், எந்த சிப்பில், எந்த ஊரில், எந்த மாதத்தில்... ம்ஹூம், ஒரு கேள்வி கிடையாது!

இது திண்டுக்கல்லில் நடப்பதுதான் வேடிக்கை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு இந்த ஊருடையது. அடுத்த வீட்டுச் சாவி தன் வீட்டுப் பூட்டைத் திறக்காது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ப்ராசஸர் விஷயத்தில் மட்டும் கடன் வாங்கிய சாவியைப் போட்டுத் திருகுகிறார்கள்.

பாதுகாப்பான வோல்டேஜ் என்று எல்லோருக்கும் பொதுவான ஓர் எண் கிடையாது. மேட்டர் இவ்வளவுதான்.

முதலில் சூடு. சிப்பின் சூடு அறையின் சூட்டுக்கு மேலே ஏறி உட்காருவது. ஏசி போட்ட 22 டிகிரி அறையில், முழு வேலையில் ஒரு ப்ராசஸர் 78 டிகிரி காட்டுகிறது என்றால், அறையை விட 56 டிகிரி கூடுதல் என்று அர்த்தம். அதே சிப், அதே கூலர், அதே வோல்டேஜ். ஆனால் மே மாதப் பிற்பகல், மொட்டை மாடிக்குக் கீழே 38 டிகிரியில் வேகும் ஓர் அறை. கூட்டிப் பார்த்தால் 94! டிசம்பரில் "ஸ்டேபிள்" என்று ஸ்க்ரீன்ஷாட் போட்டவர் சித்திரை வெயிலில் நீலத்திரையைப் பார்த்து முழிப்பது இதனால்தான். கொடைக்கானலும் இதே மாவட்டம்தான். மலைக்கும் சமவெளிக்கும் ஒரே எண் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

அடுத்து வோல்டேஜ். ப்ராசஸர் இழுக்கும் மின்சாரம் வேகத்தின் விகிதத்தில் ஏறும். வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தின் விகிதத்தில் ஏறும். 1.25 வோல்ட்டை 1.4 ஆக்கி, வேகத்தை 5 சதவீதம் கூட்டினால் மின்சாரம் சுமார் 32 சதவீதம் கூடுகிறது. அத்தனையும் வெப்பம். 5 ரூபாய் லாபத்துக்கு 32 ரூபாய் செலவு செய்கிற வியாபாரம் எந்த ஊரில் உருப்படும்?

"100 டிகிரி வரைக்கும் தாங்கும்னு கம்பெனியே சொல்லுதே" என்று ஒரு வாதம் உண்டு. இன்டெலின் பல டெஸ்க்டாப் சிப்களுக்கு 100 டிகிரி எல்லை என்பது உண்மைதான். ஆனால் அது சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இடம். வேகத்துக்காக வோல்டேஜை ஏற்றி, அந்தச் சூட்டாலேயே வேகம் இறங்கினால் மிச்சம் கரண்ட் பில் மட்டுமே.

சூடு மட்டும்தான் பிரச்சினை என்பதும் தப்பு. 2023-ல் ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில் சில சிப்கள் சாக்கெட்டோடு கருகின. எஸ்.ஓ.சி. வோல்டேஜ் 1.3-ஐத் தாண்டாதபடி புது பயாஸ் வந்தது. 2024-ல் இன்டெலின் கதை இன்னும் மோசம். 13, 14-ஆம் தலைமுறை சிப்கள் ஓவர்கிளாக் செய்யாமலே தடுமாறின. அதிக வோல்டேஜும் வெப்பமும் உள்ளே ஒரு கிளாக் சுற்றைக் கிழடாக்கியதுதான் காரணம் என்று இன்டெலே சொன்னது. 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்காதபடி ஆகஸ்டில் மைக்ரோகோட் வந்தது. வாரண்டியும் 2 வருடம் நீண்டது. ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை எந்த அப்டேட்டும் திருப்பித் தராது.

தயாரித்த கம்பெனியே கோட்டை விட்ட எண்ணை, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒருவர் சொல்லிவிட முடியுமா? அதுவும் ஓவர்கிளாக் செய்து எரித்தால் வாரண்டி கிடையாது. ஒரே கணினி உள்ள வீட்டில் அதோடு சேர்ந்து ஃபைனல் இயர் ப்ராஜெக்டும் படுத்துவிடும்.

அப்படியானால் ஓவர்கிளாக்கிங்கே பாவமா? இல்லவே இல்லை. 1998-ல் வந்த செலரான் 300ஏ, பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸ் ஆக்கியதும் 450-ல் ஓடியது. அருமையான விளையாட்டுதான். ஆனால் அந்தச் சிப்பின் வோல்டேஜ் 2.0. அன்றைக்குச் சாதாரணமான அந்த எண்ணை இன்றைய சிப்பில் போட்டால் நேரே சங்குதான் :-)

செய்ய வேண்டியது இதுதான். வோல்டேஜைத் தொடாமல் வேகத்தை 100 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு படியிலும் பிரைம்95 ஓட்டி, எச்.டபிள்யூ.இன்ஃபோவில் சூட்டையும் உண்மையான வோல்டேஜையும் பார்க்க வேண்டும். தடுமாறினால் மட்டும் துளித்துளியாக வோல்டேஜ். மதர்போர்டின் ஆட்டோவை நம்பக் கூடாது. அது தாராளப் பிரபு. பரீட்சை நடக்க வேண்டியது அதிகாலையில் அல்ல, பிற்பகல் 2 மணிக்கு. டிசம்பரில் செட் செய்தால் மே மாத வெயிலுக்கு 15 டிகிரியாவது மிச்சம் வைக்க வேண்டும். அதற்கு இடமில்லை என்றால் வேகத்தை அப்படியே விட்டு, வோல்டேஜை மெல்ல இறக்கிப் பார்ப்பதுதான் இந்த வெயிலுக்கேற்ற புத்திசாலித்தனம்.

இதற்கெல்லாம் ஒரு வாரம் ஆகும். கடன் வாங்கிய எண்ணை அடிக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்குப் பிறகு வரும் புதுச் சிப்பின் பில்லை மட்டும் யாரும் கடன் தர மாட்டார்கள்.