ஓடுற எஞ்சினை எதுக்குய்யா கழட்டணும்?

ரெண்டு மாசமா எங்க வீட்டுல ஒரு பஞ்சாயத்து ஓடிக்கிட்டிருக்கு. சொத்துத் தகராறு எல்லாம் இல்லைங்க. எங்கப்பா 1972-ல வாங்கின அம்பாசிடர் மார்க் 2 காரோட எஞ்சினை மாத்தறதா வேண்டாமான்னு. கேட்டா சிரிப்பீங்க. ஆனா இதுக்காக என் தங்கச்சி பையன் என்கிட்ட மூணு நாள் பேசல!

மொதல்ல கதையைச் சொல்லிடறேன்.

திருத்தணியில மலைக்குக் கீழ எங்க வீடு. அப்பா லுங்கி வியாபாரம். புக் பண்ணி வருஷக்கணக்கா காத்திருந்து வாங்கின கார். வந்த அன்னிக்கே மலைக்கு ஓட்டிட்டுப் போய் முருகன் சன்னதி முன்னாடி பூஜை போட்டாராம். எனக்கு அப்போ நாலு வயசு. 365 படியை நான் நடந்து ஏறினதை விட, அந்தக் கார்ல மலைப்பாதையில போனதுதான் அதிகம் :-)

அப்பா போய் 14 வருஷம் ஆச்சு. கார் இன்னும் ஓடுது. சும்மா பேச்சுக்கு இல்ல, காலையில ஒரு தடவை சோக்கை இழுத்து சாவியைத் திருப்பினா பிடிச்சுக்கும். ரெண்டு தடவை ரீபோர் பண்ணியிருக்கு, அவ்வளவுதான். ஆயில் குடிக்கறதில்ல, புகை இல்ல.

அப்புறம் என்ன பிரச்சனை? போன வருஷம் திருப்பதி போயிட்டு வரும்போது புத்தூர் தாண்டினதும் வண்டி நின்னுடுச்சு. மத்தியானம் வெயில். உள்ள என் மனைவி, தங்கச்சி, 80 வயசு அம்மா. மூணு மணி நேரம் ரோட்டோரம். எலும்பு முறிஞ்சா கட்டு போட ஊர் ஊரா ஜனங்க தேடி வர்ற புத்தூர்ல, என் காருக்குக் கட்டு போட ஆள் கிடைக்கல. அம்மாவுக்கு மயக்கமே வந்துடுச்சு. அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சதுதான் இந்தப் பஞ்சாயத்து.

தங்கச்சி பையன் ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில வேலை பாக்கறான். விஷயம் தெரிஞ்ச பையன். "மாமா, இந்த எஞ்சினைத் தூக்கிப் போடுங்க. இசுசு எஞ்சின் ஒண்ணு நல்ல கண்டிஷன்ல வருது. 1.8 லிட்டர், அஞ்சு கியர். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துல முடிச்சுடலாம். பாட்டியை வெச்சுக்கிட்டு இனிமே இப்படி நடுரோட்டுல நிக்க முடியுமா?"ன்னான்.

அவன் சொன்னதுல நியாயம் இல்லாம இல்ல. யோசிச்சுப் பாத்தா கம்பெனிக்காரனே எஞ்சின் மாத்தினவன்தான். 1958-ல அம்பாசிடர் வந்தப்போ அதுல இருந்தது பழைய சைடு வால்வு எஞ்சின். அடுத்த வருஷமே அதைத் தூக்கிட்டு பி.எம்.சி.யோட 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு எஞ்சினை வெச்சாங்க. 55 குதிரைசக்தி. இங்கிலாந்துல 1955-ல வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காருக்குள்ள இருந்ததும் இதே குடும்பத்து எஞ்சின்தான்னா நம்புவீங்களா? அப்புறம் 90-களோட ஆரம்பத்துல 75 குதிரைசக்தி இசுசு. நடுவுல டாக்ஸிக்காரங்க பெட்ரோல் கட்டுப்படியாகாம டீசல் எஞ்சினை மாட்டி ஓட்டினாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல நான் யாரு? அவங்களுக்கு அது வயித்துப் பொழப்பு. நம்ம ஊரே 1960-ல ஆந்திராவுலேர்ந்து தமிழ்நாட்டுக்கு மாறின ஊர்தான். அதனால மாத்தறதே பாவம்னு சொல்ற ஆள் நான் இல்லை.

ஆனா ஒரு கேள்வி கேட்டேன். அன்னிக்கு வண்டி ஏன் நின்னுச்சு?

எங்க பாய்கிட்டதான் கொண்டு போனேன். அப்பா காலத்துலேர்ந்து இந்த வண்டியைப் பாக்கறவர். 70 வயசு தாண்டியாச்சு. பானட்டைத் திறந்து பெட்ரோல் பம்பைக் கழட்டி உள்ள இருந்த டயாஃப்ரத்தை எடுத்து என் உள்ளங்கையில வெச்சார். ஊறிப்போன அப்பளம் மாதிரி இருந்துச்சு.

"எஞ்சின் மேல தப்பு இல்ல தம்பி. நீங்க ஊத்தற பெட்ரோல்தான் மாறிடுச்சு."

அதாவது இப்போ பங்க்ல கிடைக்கற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். 1972-ல செஞ்ச வண்டியோட ரப்பர் சாமான்கள் அதை நினைச்சு செஞ்சதில்ல. டயாஃப்ரம், ஹோஸ், கார்ப்பரேட்டர் வாஷர் எல்லாம் ஊறி நைஞ்சு போகும். எத்தனால் தண்ணியையும் இழுக்கும், வண்டியைப் பல நாள் நிறுத்தி வெச்சா டேங்க்ல துரு. இதுக்கு மருந்து எஞ்சினை மாத்தறது இல்ல. எத்தனால் தாங்கற டயாஃப்ரமும் ஹோஸும் போடணும், வாரம் ஒரு தடவையாவது வண்டியை எடுக்கணும். புதுப்பேட்டையில தேடி சாமான் வாங்கிட்டு வந்தேன். கூலியோட சேர்த்து மொத்த செலவு 3,400 ரூபா.

இந்த மாதிரி ஒண்ணு முன்னாடியும் நடந்திருக்கு. 2000 பிப்ரவரியோட நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்தினாங்க. ஈயம்தான் பழைய எஞ்சின்கள்ல வால்வு சீட் தேயாம காப்பாத்திக்கிட்டிருந்தது. அப்பவும் "இனிமே இந்த எஞ்சின் அவ்ளோதான்"னு பல பேர் சொன்னாங்க. பாய் ஹெட்டைக் கழட்டி லேத்துல கொடுத்து கெட்டியான வால்வு சீட் போட்டுக் கொடுத்தார். அதுக்கப்புறம் 20 வருஷத்துக்கு மேல ஓடியாச்சு.

சரி, மைலேஜ் கணக்குக்கு வருவோம். நான் வருஷத்துக்கு ஓட்டறது 2,000 கிலோமீட்டர். இப்போ லிட்டருக்கு 9. இசுசு போட்டா 12 வரும்னு வெச்சுக்குவோம். லிட்டர் 100 ரூபான்னு போட்டா வருஷத்துக்கு மிச்சம் 5,500 ரூபா. போட்ட காசை எடுக்க 20 வருஷம். எனக்கு இப்போ 57... மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்குங்க :-)

அடுத்தது சட்டம். இதை நெறைய பேர் யோசிக்கறதில்ல. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி, தயாரிச்சவன் சொன்ன விவரத்துக்கும் ஆர்.சி. புக்குக்கும் ஒத்துப் போகாத மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரில உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமா சொல்லிடுச்சு. ஆர்.டி.ஓ.கிட்ட அனுமதி வாங்காம வேற வகை எஞ்சினை மாட்டிட்டு ஓட்டினா, நாளைக்கு ஒரு விபத்துன்னா இன்சூரன்ஸ்காரன் மொதல்ல எஞ்சின் நம்பரைத்தான் பாப்பான்.

இன்னொண்ணும் இருக்கு. 2021 ஜூலையில மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குன்னு தனி விதி கொண்டு வந்துச்சு. மொதல் பதிவுலேர்ந்து 50 வருஷம் தாண்டியிருக்கணும், சேசிஸ், பாடி, எஞ்சின் இதுல பெரிசா கை வெச்சிருக்கக் கூடாது. என் வண்டிக்கு 2022-லயே 50 முடிஞ்சுடுச்சு. ஆனா நான் அந்தப் பதிவு வாங்கல, இப்போதைக்கு வாங்கப் போறதும் இல்ல. ஏன்னா அதை வாங்கினா தினப்படி ரோட்டுல ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னுதான் எடுக்கலாம். அம்மாவை மலைக்குக் கூட்டிட்டுப் போக முடியாத கார் எனக்கு எதுக்கு? ஆனா எனக்கப்புறம் வர்றவங்க அந்தப் பதிவு வேணும்னு நினைக்கலாம் இல்லையா? இன்னிக்கு எஞ்சினைக் கழட்டி காயலான் கடைக்குப் போட்டுட்டா அந்தக் கதவை நானே சாத்தின மாதிரி ஆயிடும். இசுசுவோட கியர் பாக்ஸ் உள்ள போகணும்னா தரையை வேற வெட்டணும். இப்போ கியர் ஸ்டீயரிங் பக்கத்துல இருக்கு, அது கீழ வந்தாகணும். வெட்டினதைத் திரும்ப ஒட்டினாலும் பழசு ஆகாது.

இதெல்லாம் சொல்லி முடிச்சதும் மாப்ள கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டான் பாருங்க ஒரு கேள்வி.

"சரி மாமா, எஞ்சினை விடுங்க. மலையிலேர்ந்து இறங்கும்போது பிரேக் பிடிக்குதா?"

எனக்குப் பதில் வரல. ஏன்னா ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் இறங்கும்போது பெடல் கொஞ்சம் உள்ள போச்சு. ரெண்டாவது கியர்ல வந்ததால சமாளிச்சேன். வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், எல்லாத்துக்கும் ஒரே லைன். ஒரு இடத்துல ஆயில் ஒழுகினா நாலும் போச்சு. எஞ்சின் நின்னா மூணு மணி நேரம் வெயில்ல நிப்போம். பிரேக் போனா? பெருமையா எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே நான் இதைக் கவனிக்காம விட்டிருக்கேன். 55 குதிரைசக்திக்கே இந்த லட்சணம்னா, 75 போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?

அதனால கடைசியா எடுத்த முடிவு இதுதான். எஞ்சின் அப்படியே இருக்கும். மாஸ்டர் சிலிண்டர், நாலு சக்கரத்தோட வீல் சிலிண்டர், லைனிங், பிரேக் ஹோஸ் எல்லாம் புதுசு. முன் சீட்டுக்கு சரியான பெல்ட். எல்லாம் சேர்த்து 20,000 ரூபாய்க்குள்ள அடங்கிடுச்சு. மாப்ளயே ஞாயித்துக்கிழமை வந்து பாய் கூட உக்காந்து பிரேக்ல ஏர் எடுத்துக் கொடுத்தான்.

பழைய வண்டி வெச்சிருக்கற மக்களே, நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். பிளாக் வெடிச்சுப் போச்சு, சாமான் எங்கயும் கிடைக்கல, அப்படின்னா தாராளமா மாத்துங்க, முறையா அனுமதி வாங்கி மாத்துங்க. நல்லா ஓடுற எஞ்சினை மாத்தணும்னு தோணினா மட்டும் ஒரு நிமிஷம் நில்லுங்க. வண்டிக்கு என்ன குறைன்னு மொதல்ல கேளுங்க. நம்ம அவசரத்துக்கு ஈடு கொடுக்கலங்கறது எஞ்சினோட கோளாறு இல்ல. அதே மாதிரி "எஞ்சின் நல்லா இருக்கு"ங்கற பெருமையில மத்ததை மறந்துடாதீங்க. நான் மறந்தேன்.

போன வெள்ளிக்கிழமை அம்மாவை மலைக்குக் கூட்டிட்டுப் போனேன். ஏறும்போது பின்னாடி வந்த கார்காரர் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தார். ஒதுங்கி வழி விட்டேன். அவசரமா போகட்டும், சாமி எங்கயும் போகப் போறதில்ல.

கொசுறு: அந்த ஊறிப்போன டயாஃப்ரத்தை எறியல. டேஷ்போர்டு மேல அப்பா ஒட்டின முருகன் படத்துக்குப் பக்கத்துல வெச்சிருக்கேன். அடுத்த தடவை யாராவது எஞ்சினை மாத்துங்கன்னா எடுத்துக் காட்டணும் :-)