எங்கள் ஊர்க் கதை எங்கே?

பத்தாம் வகுப்புக்கு வந்த பிறகு எங்கள் கையில் கதைப் புத்தகத்தைக் கண்டால் தாய்மார்களுக்குப் பொறுப்பதில்லை. "பரீட்சையில கதையா கேக்கப் போறாங்க?" என்கிறார்கள். பரீட்சையில் என்ன கேட்பார்கள் என்பது எங்களுக்கும் தெரியும். கொங்கணக் கடற்கரை எங்கே உள்ளது, தார்ப் பாலைவனம் எந்த மாநிலத்தில் பரவியுள்ளது என்று கேட்பார்கள். இந்திய வரைபடத்தில் அவற்றைக் குறித்துக் காட்டி மதிப்பெண் வாங்கிவிடுவோம். ஆனால் அந்தக் கடற்கரையில் எங்கள் வயதுப் பெண் ஒருத்தி காலையில் எழுந்தவுடன் எதை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்பதை வரைபடம் சொல்லவில்லை. சிறுவர் நாவல்கள்தாம் சொல்லின.

நூலக அலமாரியிலிருந்து முதலில் எங்கள் கைக்கு வந்தவை எனிட் பிளைட்டனின் ஆங்கிலக் கதைகள். பாலாற்றங்கரையில் பிறந்து, பிரியாணி மணத்தில் வளர்ந்து, கண்ணால் காணாத இஞ்சி பீருக்காக நாக்கில் நீர் ஊறியவர்கள் நாங்கள்! அந்தக் கதைகளை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் அடுத்த மாநிலத்துப் பிள்ளை என்ன சாப்பிடுகிறது என்று தெரியாமலே எட்டாம் வகுப்பு வரை வந்துவிட்டோமே என்பதுதான் வருத்தம்.

நூலகத்தைக் கவனிக்கும் சிஸ்டர் ஒருநாள் அனிதா தேசாய் எழுதிய 'தி வில்லேஜ் பை தி ஸீ' என்னும் நாவலைக் கொடுத்தார். 1982-ஆம் ஆண்டு வெளிவந்து, மறு ஆண்டே இங்கிலாந்தின் கார்டியன் சிறுவர் இலக்கியப் பரிசைப் பெற்ற நூல் அது. பம்பாய்க்கு அருகே கடலோரத்தில் துல் என்றொரு கிராமம். நோயாளித் தாய், குடிகாரத் தந்தை, நான்கு பிள்ளைகள். மூத்தவள் லீலா வீட்டைத் தாங்குகிறாள். தம்பி ஹரி பம்பாய்க்குப் போய், ஒரு சிறு உணவு விடுதியில் எடுபிடி வேலை செய்து, பக்கத்துக் கடைப் பெரியவரிடம் கைக்கடிகாரம் பழுதுபார்க்கக் கற்றுக்கொள்கிறான். இதற்கிடையே கிராமத்துக்கு உரத் தொழிற்சாலை வரப்போகிறது என்ற செய்தி வருகிறது. வேலை கிடைக்குமா? வயலும் மீனும் போய்விடுமா? ஊர் இரண்டுபட்டு நிற்கிறது.

இந்த இடத்தில் நாங்கள் புத்தகத்தை மூடிவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏனெனில் அது எங்கள் ஊர். டேனரிகளால் சோறும் உண்டு, டேனரிகளால் கெட்ட கிணறும் உண்டு. பாலாற்று மாசு பற்றி 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பே வழங்கியது. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பேசும்போது எங்கள் தாத்தாக்களில் ஒருவர் "தண்ணிக்கு நல்லது, வேலைக்கு பயம்" என்பார். துல் கிராமத்து மீனவர் பேசுவதும் ஏறக்குறைய அதே பேச்சு.

சத்யஜித் ராயின் ஃபெலுடா கதைகளையும் விரும்பிப் படித்தோம். துப்பறியும் ஃபெலுடா லக்னோ போகிறார், கேங்டாக் போகிறார், எல்லோரா போகிறார். 1971-இல் வெளிவந்த 'சோனார் கெல்லா'வில் ஜைசல்மேரின் மஞ்சள் கல் கோட்டைக்கே போய்விடுகிறார். அதில் வரும் ஒட்டகச் சவாரியை வகுப்பில் உரக்கப் படித்து, சிரித்து, வாங்கிக் கட்டிக்கொண்டோம். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கதைகளில் ஊர் என்பது வந்து போகிறவர் கண்ணுக்குத் தெரியும் ஊர். ஒரு துப்பறிவாளர் ஆம்பூருக்கு வந்து, பிரியாணி சாப்பிட்டு, திருடனைப் பிடித்துக்கொண்டு இரவு ரயிலில் போய்விட்டால் எங்களைப் பற்றி அவருக்கு என்ன தெரிந்திருக்கும்? ஊரை உள்ளிருந்து காட்டும் நாவலே எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது.

ரஸ்கின் பாண்டின் 'நீலக்குடை' அப்படிப்பட்டது. கார்வால் மலைக் கிராமத்துப் பின்யாவின் குடைமீது பேராசை கொண்ட கடைக்காரரை ஊரே ஒதுக்கிவைக்கிறது. அவருடைய அவமானத்தைக் காணப் பொறுக்காதவள் அந்தச் சிறுமி ஒருத்திதான்.

அவமானம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சென்ற ஆண்டு வெளியூரில் ஒரு பேச்சுப் போட்டிக்குப் போயிருந்தோம். நாங்கள் எந்த ஊர் என்று கேட்ட மாணவிகள் மூக்கைப் பிடித்துக் காட்டிச் சிரித்தார்கள். விளையாட்டுக்குத்தான். ஆனால் எங்களில் ஒருத்தியிடம் "உங்கம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டபோது, ஷூ கம்பெனியில் வேலை என்று சொல்லாமல் "தையல் டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். திரும்பி வரும்போது பேருந்தில் அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அந்த மாணவிகள் கெட்டவர்கள் அல்லர். எங்களைப் பற்றி அவர்கள் படிக்க ஒரு கதை இல்லை, அவ்வளவுதான். தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றித் தமிழில் நாவல் இல்லாமல் இல்லை. டி. செல்வராஜின் 'தோல்' 2012-இல் சாகித்ய அகாதெமி விருதே பெற்றது. ஆனால் அது பெரியவர்களுக்கானது; திண்டுக்கல் பக்கத்துக் கதை. கீழடியைப் பற்றிச் சிறுவர்களுக்கு உதயசங்கர் 'ஆதனின் பொம்மை' எழுதி, அதற்கு 2023-இல் பால சாகித்ய விருது கிடைத்தது. மண்ணுக்கடியில் இருக்கும் ஊருக்கே சிறுவர் நாவல் இருக்கும்போது, விடியற்காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடிக்கும் எங்கள் ஊருக்கு ஏன் இல்லை? எழுத்தாளப் பெரியோர்களைத்தான் கேட்கிறோம்.

அவர்கள் எழுதும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல், நாங்கள் ஐந்து பேர் ஒரு நாற்பது பக்க நோட்டில் தொடங்கியிருக்கிறோம். (தாய்மார்கள் மன்னிக்கவும், கணக்கு நோட்டு அன்று.) கதாநாயகியின் அம்மா ஷூவின் மேல்பாகம் தைப்பவர். மாலையில் வேனைவிட்டு இறங்கும்போது அவர் கையில் பசை வாடை. அதை முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும் என்று நான்கு பேர் சொல்கிறோம். பேருந்தில் பேசாமல் வந்தவள் மட்டும், மூன்றாம் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், முதலில் அம்மாவின் பெயரைச் சொல்லலாம் என்கிறாள்.