வல்லம் வடகாலும் கனெக்டர் தொழிலும்

வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 18,720 பெண் தொழிலாளர் தங்குவதற்கென 706 கோடி ரூபாய்ச் செலவில் எழுப்பப்பட்ட விடுதி, 2024-ஆம் வருஷம் ஆகஸ்டு 17-ஆம் தேதி திறக்கப்பட்டது. சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்களைப் பூட்டும் பெண்களுக்கானது அது. ஆலை வந்தது, வேலை வந்தது என்று நாம் மகிழ்கிறோம், மகிழ வேண்டியதே. ஆனால் அந்தக் கம்பெனி வளர்ந்த வரலாற்றை நம்மவர் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை.

1974-இல் தைவானில் டெர்ரி கோ என்னும் வாலிபர், தாயாரிடம் பெற்ற கடனையும் பத்துத் தொழிலாளரையும் கொண்டு ஹான் ஹாய் கம்பெனியைத் தொடங்கினார். டெலிவிஷன் பெட்டிக்குப் பிளாஸ்டிக் குமிழ் வார்ப்பதே அன்றைய தொழில். சில வருஷங்களுக்குள் லாபத்தைக் கொண்டு சொந்தத்தில் அச்சுப் பட்டறை அமைத்தார். அதன் பலன் 1980-க்குப் பின் தெரிந்தது. கம்ப்யூட்டருக்கு வேண்டிய கனெக்டர்களை அக்கம்பெனி செய்யலாயிற்று. ஃபாக்ஸ்கான் என்ற பெயரின் பிற்பாதியே கனெக்டரைக் குறிப்பதுதான்.

கனெக்டர் என்பது அற்பப் பொருளாகத் தோன்றும். செப்புக் கலவைத் தகட்டை வெட்டி வளைத்த நாக்குகள் ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்குள் வரிசையாக நிற்கும், அவ்வளவே. ஆயினும் நாக்கு வில்போல் அழுத்தாவிட்டால் இணைப்புத் தளர்ந்து சூடேறும். களிம்பேறாதிருக்கச் சிலவற்றிற்குத் தங்க முலாமும் பூசுகின்றனர். இப்படி லட்சக்கணக்கான நாக்குகளை, மயிரிழையிலும் குறைந்த பிசகுகூட இன்றி, ஒரே அளவாக வெட்டித் தருவது அச்சு. எனவே அச்சைச் செய்யத் தெரிந்தவனிடமே தொழில் தங்குகிறது. அந்த வித்தை கைவந்த பின்னரே ஹான் ஹாய் 1988-இல் சீனாவின் ஷென்ஜெனுக்குச் சென்றது; பெட்டி, முழுக் கம்ப்யூட்டர், செல்போன் என்று படிப்படியாக ஏறியது.

நாமோ கடைசிப் படியில் தொடங்கியிருக்கிறோம். இதன் அபாயம் ஸ்ரீபெரும்புதூருக்குப் புதிதன்று. 2006-இல் அங்கே வந்த நோக்கியா ஆலை, வரி வழக்கிற் சிக்கி, மைக்ரோஸாப்ட்டின் கொள்முதலும் நின்றபின், 2014 நவம்பரில் மூடப்பட்டது. கட்டடம் இங்கே நின்றது. தொழிலின் மூளை பின்லாந்தில் இருந்தது. ஆயிரக்கணக்கானோர் வீடு திரும்பினர்.

2025-இல் உதிரிப்பாகத் தொழிலுக்கென மத்திய சர்க்கார் 22,919 கோடி ரூபாய்த் திட்டம் வகுத்தது. மாகாண சர்க்காரும் தன் பங்குக்கு ஒன்றை அறிவித்தது. இரண்டையும் வரவேற்கிறோம். ஆனால் மானியம் இயந்திரத்தை வாங்கித் தரும், அச்சுச் செய்யும் கையைத் தராது. கிண்டியில் 1968-இல் ஏற்பட்ட பிளாஸ்டிக் தொழில்நுட்பக் கல்லூரி அச்சு வடிவமைப்பைக் கற்பிக்கிறது. வல்லம் வடகாலிலிருந்து அது எட்டாத தூரமன்று. விடுதிப் பெண்களில் விரும்புவோர் வேலை நேரம் போக அங்கே பயிலவும், தேறியவர் ஆலைகளின் அச்சுப் பட்டறைகளில் அமரவும் சர்க்கார் கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்ய வேண்டும். 18,720 படுக்கைகளை எண்ணிச் சொன்னவர்கள், அவ்வாறு அமர்ந்த பெண்கள் எத்தனை பேர் என்பதையும் வருஷந்தோறும் சட்டசபையில் சொல்லட்டும்.