ஆசாரிக்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்பவர்களுக்கு

"யந்திரம் வந்துவிட்டது, இனி ஆசாரி எதற்கு?" பட்டறை முதலாளிகள் சிலர் இப்படிக் கொக்கரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். கொமரலிங்கத்திலிருந்து உடுமலைப் பக்கம் மரப்பட்டறைக்குப் போய்வரும் இளைஞர்கள் நம்மிடம் சொன்ன சேதி இது.

அவர்களுக்கு அங்கே என்ன வேலை? தேக்குப் பலகையைத் தூக்கி சி.என்.சி. ரூட்டர் மேஜையில் வைத்து இறுக்குவது. பிறகு தூசி கூட்டுவது. நிலைக்கதவின் கஜலட்சுமியை யந்திரம் செதுக்கிக்கொள்ளுமாம். கம்ப்யூட்டர் பக்கம் எட்டிப் பார்த்தால் அதட்டல்!

அந்தப் பெட்டிக்குள் என்ன மாயமந்திரமா இருக்கிறது? வெளுத்த இடம் மேடு, கறுத்த இடம் பள்ளம் என்று படத்திலிருந்து உருவம் எழுப்புகிறார்கள். புகைப்படத்தை அப்படியே கொடுத்தால் மூக்கின் நிழல் குழியாகிவிடும். அதைத் திருத்த முகத்தின் மேடுபள்ளம் அறிந்த கண் வேண்டும். தடித்த பிட்டால் வேண்டாத மரத்தைக் கழித்து, உருண்டை முனை பிட்டை நெருக்க நெருக்கமாக ஓட்ட வேண்டும். இடைவெளி கூடினால் வரிவரியாகத் தழும்பு; குறைந்தால் மணிக்கணக்கில் தாமதம். மேலிருந்து மட்டுமே இறங்கும் மூன்று அச்சு யந்திரத்தால் மாலைக்கு அடியில் குடைய முடியாது. அதற்கு இன்றும் உளிதான். இத்தனையும் அறிந்தவன் ஆசாரி. அவனைத்தான் கம்ப்யூட்டரிலிருந்து விரட்டுகிறார்கள்!

இது புதிய சூழ்ச்சியல்ல. 1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், விமானப்படையின் பணத்தில், எண்களால் இயங்கும் மில்லிங் யந்திரத்தைச் செய்து காட்டினார்கள். தேர்ந்த தொழிலாளியின் கையசைவையே நாடாவில் பதிந்து யந்திரத்தைத் திரும்பச் செய்ய வைக்கும் முறையும் அன்றே இருந்தது. அது ஏன் ஓரங்கட்டப்பட்டது? பட்டறையின் பிடி தொழிலாளியிடமே தங்கிவிடும் என்பதும் ஒரு காரணம் என்று 1984-ல் டேவிட் நோபிள் தம் நூலில் வாதிட்டார்.

யந்திரத்தை உடைப்போம் என்று நம்மவரிலும் ஓரிருவர் பேசுகிறார்கள். நாம் அதை ஏற்கவில்லை. திருப்பூர் எம்ப்ராய்டரி யூனிட்டுகளைப் பாருங்கள்: டிசைனைப் பஞ்சிங் செய்பவருக்கு ஒரு மதிப்பு, நூல் மாற்றுபவருக்கு வேறு மதிப்பு. சண்டை யந்திரத்தோடு அல்ல, அந்தப் பிரிவினையோடுதான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மரப்பட்டறைகளில் பலர் நம்பியிருந்த ஆர்ட்கேம் மென்பொருளை வைத்திருந்த நிறுவனத்தை 2014-ல் ஆட்டோடெஸ்க் வாங்கியது. 2018-ல் ஆர்ட்கேமை நிறுத்தியது. பொத்தானை மட்டும் மனப்பாடம் செய்தவன் நடுத்தெருவில் நின்றான். ஆகவே தத்துவத்தைக் கற்றுக்கொடு என்கிறோம். பிளெண்டரும் ஃப்ரீகேடும் காசில்லாமல் கிடைக்கின்றன.

மரத்தூள் புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. உறிஞ்சும் குழாய் எங்கே? கைக்குட்டையைக் கட்டிக்கொள் என்பதுதான் பதில்!

தமிழகத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.கள் புதிய யந்திரங்களோடு தொழில்நுட்ப மையங்களாக்கப்பட்டன. அங்கே ஆசாரிகளுக்கும் பட்டறைத் தொழிலாளிகளுக்கும் மாலை வகுப்பு நடத்தச் சர்க்காருக்கு என்ன தடை?

பதில் வரும்வரை சும்மா இருக்கப்போவதில்லை. நம் அலுவலகத்தில் பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. தோழர்களே, ஞாயிறு மாலை வாருங்கள். வரும்போது உளியையும் எடுத்து வாருங்கள்.