மைதானங்களைத் தேடி ஒரு யாத்திரை

நமுனுகுல மலையடிவாரத்திலிருந்து கதிர்காமத்துக்கு யாத்திரை போவது நம் முன்னோர் வழக்கம். விளையாட்டு மைதானங்களைக் காண்பதற்கென்றும் ஒரு யாத்திரை உண்டோ என்று எம்மை வினவியவர் பலர், நகைத்தவரும் உளர். அமெரிக்க நாட்டிலே பேஸ்பால் ஆட்டத்தின் 30 பெருங்குழுக்களுடைய அரங்குகளையும் நண்பரோடு கூடிச் சென்று ஒவ்வொன்றாகக் கண்டு வருவதை ஒரு விரதம்போற் கொண்டவர்கள் இருக்கின்றனர். நமது நாட்டுக்குத் துடுப்பாட்டமே உயிர் அன்றோ? ஆகவே, ஒரே வகுப்பிற் பயின்ற பழைய மாணவராகிய நாங்கள் ஐவர், ஓர் ஆகஸ்டு விடுமுறையில் வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு புறப்பட்டோம். பொழுதுபோக்காகத் தொடங்கிய அப்பயணம் ஒரு வினாவாக முடிந்தது. அவ்வினாவை இந்த யூபிலி மலர் வாயிலாக உங்கள் முன் வைப்பதே என் நோக்கம்.

மகியங்கனை வழியே பதினெட்டு வளைவுகளையும் ஏறிச் சென்று முதலிற் கண்டது பல்லேகலை அரங்கு. அங்கே முதல் டெஸ்ட் ஆட்டம் நடைபெற்றது 2010இல். அவ்வாண்டிலேயே மத்திய மாகாண சபை அவ்வரங்குக்கு முத்தையா முரளிதரனின் பெயரைச் சூட்டத் தீர்மானித்தது. தேயிலைத் தோட்டத்தில் உழைப்பதற்கெனத் தமிழகத்திலிருந்து வந்த ஒருவரின் பேரன் அவர்; டெஸ்ட் ஆட்டங்களில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தியவர். அத்தொகையை எட்டியவர் உலகில் வேறொருவரும் இலர். எம்முள் லயத்திற் பிறந்து வளர்ந்த நண்பர், அங்குள்ள புல்மேட்டில் அமர்ந்து நெடுநேரம் வாய் திறவாதிருந்தார்.

கண்டி நகரின் அஸ்கிரிய மைதானமோ வேறொரு பாடம் புகட்டியது. அது திரினிற்றிக் கல்லூரிக்கு உரியது. அக்கல்லூரி அதிபர் பிரேசரின் காலத்தில் மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்து அதனை அமைத்தார்கள். பள்ளிச் சிறுவருக்கென அமைந்த அந்நிலம் 1983இல் டெஸ்ட் அரங்காகவும் உயர்ந்தது. மலைநாட்டில் மட்டமான நிலத்துக்கு எங்கே போவது என்று கேட்போருக்கு இதனினும் சிறந்த விடை வேண்டுவதில்லை. தம்புள்ளையில் ஏரிக்கரையோரத்து அரங்கை 167 நாட்களில் எழுப்பி முடித்தனர். மனம் இருந்தாற் காலம் ஒரு தடையன்று என்பதற்கு அது சான்று.

கொழும்பிலே பிரேமதாச அரங்கைக் கண்டோம். 1997இல் இந்தியாவுக்கு எதிராக இலங்கை அணி 6 விக்கெட் இழப்புக்கு 952 ஓட்டங்கள் குவித்த இடம் அது. எனினும், எம் நெஞ்சைக் கவர்ந்தது பி. சரவணமுத்து அரங்கே. 1899இல் நிறுவப்பட்ட தமிழ் யூனியன் சங்கத்தாருக்குச் சொந்தமான அம்மைதானம் 1945இல் திறக்கப்பெற்றது. அரசினர் கட்டித் தருவர் என்று காத்திராமல் ஒரு சங்கத்தார் உருவாக்கிய மைதானத்திலேதான் 1982இல் இலங்கையின் முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தேறியது. 1948இல் பிராட்மன் தலைமையில் ஆஸ்திரேலியர் அங்கு வந்து ஆடியபோது, 22 கஜம் இருக்கவேண்டிய ஆடுகளம் 20 கஜமே இருந்ததாம்! அக்கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே காலி வீதியிற் பயணப்பட்டோம்.

காலி மைதானம் 2004 ஆழிப்பேரலையால் அழிந்து, 2007இல் மீண்டெழுந்தது. முரளிதரன் தம் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தியதும் அங்கேதான். கோட்டை மதிலில் ஏறினால் கட்டணமின்றியே ஆட்டத்தைக் காணலாம். அங்கிருந்து சூரியவெவ சென்றோம். 2011 உலகக் கிண்ணத்துக்கென எழுப்பிய பேரரங்கு. எம்மைத் தவிர அங்கே பார்வையாளர் எவரும் இலர். அத்தனை இருக்கைகளும் வெறுமையாய்க் கிடந்தமை கண்டு மனம் கனத்தது.

வெல்லவாய, எல்ல வழியாகப் பதுளை சேர்ந்து, பசறை கடந்து நமுனுகுலப் பாதையில் ஏறுகையில் பொழுது சாய்ந்தது. தோட்டப் பாதையிலே சிறுவர் சிலர் பலகைத் துண்டைத் துடுப்பாகக் கொண்டு ஆடிக்கொண்டிருந்தனர். வேனைக் கண்டதும் விக்கெட்டாக நட்டிருந்த தடிகளைப் பிடுங்கிக்கொண்டு ஒதுங்கினர். தேயிலைச் செடிக்குள் பந்து விழுந்தால் ஆட்டமிழப்பு என்பது அவர்கள் வகுத்த விதி. பள்ளத்தில் உருண்டால் அன்றைய ஆட்டமே முடிந்தது. பிராட்மனுக்கு இரண்டு கஜம் குறைந்ததை நினைத்துச் சிரித்த நாங்கள் அப்போது சிரிக்கவில்லை. இச்சிறுவருக்கு 22 கஜமும் அல்லவா குறைகிறது!

ஊவா மாகாணத்தில் சர்வதேச அரங்கு ஒன்றேனும் இல்லையே என்று வருந்துவோர் உளர். அதனை நான் வேண்டேன். சூரியவெவயைக் கண்ட பின்னர் அவ்வாசை எனக்கு அறவே இல்லை. அரங்கு ஆட்டக்காரரை உண்டாக்குவதில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளைகளோடு ஆடுவதற்கு ஒரு சமநிலமே அவர்களை உண்டாக்குகிறது. யூபிலி என்றால் வளைவு கட்டுவதும் கல்வெட்டுப் பதிப்பதும் நமது வழக்கமாகிவிட்டன. இவ்வாண்டு அச்செலவைக் கொண்டு ஒரு சிறு மைதானம் அமைப்போம். கல்லூரி அணிக்கு மட்டுமன்றி, அயலிலுள்ள தோட்டப் பிள்ளைகளுக்கும் அதன் வாயில் திறந்திருத்தல் வேண்டும்.

மலையை வெட்டினால் மண் சரியாதோ என்ற அச்சம் நியாயமானதே. 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நிகழ்ந்த துயரை நம்மில் யார் மறப்பார்? ஆகவேதான், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையின்றி மண்வெட்டியைத் தொடலாகாது என்கிறேன். நீர்வடிகால் முதலில், புல்தரை பின்னர். சரிவு இடங்கொடாதாயின், கைவிடப்பட்ட தேயிலை நிலத்தில் மட்டமான ஒரு துண்டைத் தோட்ட நிருவாகத்திடம் கேட்போம். ஒரு பழைய மாணவன் தனித்துக் கேட்பின் கிடையாதது, சங்கம் கூடிக் கேட்பின் கிடைக்கலாம். விளையாட்டினாற் படிப்புக் கெடும் என்பார்க்கு நான் சொல்லத்தக்கது ஒன்றே: அந்தி வேளையில் சிறுவனுக்கு மைதானம் இல்லையெனில், அவன் புத்தகத்திடம் போவான் என்பது நிச்சயமன்று.

அடுத்த விடுமுறையில் நாங்கள் ஐவரும் தொலைதூரம் போவதாயில்லை. அளவுநாடாவுடன் கல்லூரிக்குப் பின்புறமுள்ள சரிவைப் பார்க்கப் போகிறோம். உடன்வர விரும்பும் பழைய மாணவரும் ஆசிரியரும் இளைய தம்பியரும் வருக.